புரிஞ்சுது சார்!

ஒரு குளத்தங்கரையில் கொக்கு வாத்தியார் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "புரிஞ்சுதா?" என்று அவர் கேட்டால், மொத்த வகுப்பும் "புரிஞ்சுது சார்!" என்று கத்த வேண்டும். 'புரியல' என்று சொன்ன மீன்குஞ்சை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை.

பிறகு வகுப்புக்குப் பேசும் பலகை ஒன்று வந்தது. ஆளுக்கு ஏற்ற மாதிரி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் கொடுக்கும். அன்றைய பாடம், உப்பு எது சர்க்கரை எது என்பது. உப்பு பட்டால் கரைந்துபோகிற நத்தைக்கு அது உயிர்ப் பாடம். ஆனால் ஒன்றும் விளங்கவில்லை.

"மெதுவாவே வா தம்பி, நானும் உன்கூடவே வர்றேன். புரியலன்னா வேற மாதிரி சொல்றேன்," என்றது பலகை.

இப்படி ஒரு குரலை நத்தை கேட்டதே இல்லை.

"இப்ப புரிஞ்சுதா?"

இல்லை என்று சொல்லத்தான் நத்தை வாயைத் திறந்தது. பழகிய வாய் முந்திக்கொண்டு, "புரிஞ்சுது சார்!" என்று கத்திவிட்டது.

பலகை அதை அப்படியே நம்பியது. நூற்றுக்கு நூறு போட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது.

கோடையில் இரை கிடைக்காத ஒரு நாள், நத்தையும் கூடப் படித்த தவளையும் போன வண்டிப்பாதையில் வெள்ளையாக ஏதோ கொட்டிக் கிடந்தது.

"டேய் தவளை, இது உப்பா, சர்க்கரையா?"

"என்னைக் கேட்டா? நீதானே நூத்துக்கு நூறு!"

"நீயும்தானடா வாங்கின?"

"நான் சும்மா கத்தினேன்டா."

பசி பொறுக்காமல் நத்தை நகர ஆரம்பித்தது.

"இனிச்சா ஒரு குரல் குடு, நானும் வர்றேன்!" என்றது தவளை.

வெகுநேரம் காத்திருந்தது.