கறுக்காத கொசுறு

சந்தையை நடத்தும் கம்பெனியின் நானோ மருந்து தெளித்த காய்கறி மாதக்கணக்கில் வாடாது. காசு கொடுக்காமல் கடையைத் தாண்டினால் மட்டும் உடனே கறுத்துப்போகும். அதனால் சந்தையில் கொசுறு கொடுக்கும் வழக்கமே ஒழிந்திருந்தது.

செல்லக்கனியிடம் கத்தரிக்காய் வாங்கியவர்கள் மட்டும் கையில் கறிவேப்பிலைக் கொத்தோடு போனார்கள். இலை கறுக்கவில்லை. கம்பெனி மேற்பார்வையாளர் அவள் கடை முன்னால் வந்து நின்றார்.

“இது எங்க தழை இல்லையே?”

“என் வீட்டுக் கொல்லையில மருந்தே படாம வளந்தது, சார்.”

“நாளைக்கே வாடிரும். வெளித் தழை வித்தா கடையைப் பிடுங்கிருவோம், தெரியும்ல?”

“விக்கலையே, சும்மாதானே குடுக்கறேன்” என்றவள் அவர் சட்டைப்பையில் ஒரு கொத்தைச் செருகினாள். “கடையைப் பிடுங்குனா ரோட்டுல உக்காந்து குடுப்பேன். இது வாடறதுக்குள்ள வீட்டுல ரசத்துல போடச் சொல்லுங்க.”