மடிப்பு வைத்த வெள்ளை

"வெள்ளைப் பாவாடையை நீல பேன்ட்டா மாத்தினதுக்கு ஒரு பாராட்டா? நல்ல கூத்து."

அந்தப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ரிட்டையரானவள், பக்கத்தில் நின்ற கணக்கு டீச்சரிடம் முணுமுணுத்தாள்.

ஆண்டு விழாவுக்காகப் பெண் பிள்ளைகளின் விளையாட்டு உடுப்புகளை, அந்தக் காலம் தொட்டு, ஹாலில் வரிசையாக மாட்டியிருந்தார்கள். முதலில் கணுக்கால் வரை தொங்கும் கவுன். அதைப் போட்டுக்கொண்டு எப்படித்தான் ஓடினார்களோ. அடுத்தது, முழங்காலோடு நிற்கும் மடிப்பு வைத்த வெள்ளைப் பாவாடை. பெற்றோர்களோடு மல்லுக்கட்டி அதைக் கொண்டுவந்ததே இவள்தான். கடைசியில் கருநீல பேன்ட். புது விளையாட்டு டீச்சரின் கைங்கரியம்.

வெள்ளையை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கூட்டம் மொத்தமும் நீலத்தின் முன்னால் நின்றது. தலைமையாசிரியை புது டீச்சருக்குப் பூங்கொத்து கொடுக்க, பிள்ளைகள் விசிலடித்தார்கள்.

இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் வெயிலில் காய்ந்து, தொண்டை கிழியக் கத்தியவளுக்கு ஒரு பூ கூட இல்லை. நேற்று வந்தவளுக்குப் பூங்கொத்தாம். பொறாமைதான், மறைப்பானேன்?

"அவ என்கிட்ட படிச்சவதான். கால்ல சக்கரம் கட்டின மாதிரி ஓடுவா. ஆனா படு சோம்பேறி. வயித்து வலின்னு மரத்தடியில உட்கார்ந்துடுவா. ஃபைனல் அன்னிக்கும் அதே நாடகம். கப்பு கைநழுவிப் போச்சு."

அதற்குள் புது டீச்சர் இவளைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"டீச்சர், நீங்க வரமாட்டீங்களோன்னு நினைச்சேன்."

"அதிருக்கட்டும். என் வெள்ளைக்கு என்ன குறைச்சல்? எவ்வளவு கம்பீரமா இருக்கும். துவைக்கச் சோம்பல்பட்டு மாத்திட்டியா?"

"கம்பீரம்தான் டீச்சர்."

"அப்புறம் என்ன? வயித்து வலின்னு கப்பைக் கோட்டை விட்டவளுக்கு இன்னிக்குக் கைதட்டல். ரொம்ப நல்லாருக்கு."

கணக்கு டீச்சர் சங்கடத்தோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புது டீச்சர் கோபப்படவில்லை. நெருங்கி வந்து, இவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"வலியோட ஓடியிருப்பேன் டீச்சர். மாசத்துல அந்த மூணு நாள், அத்தனை பேர் முன்னாடி, வெள்ளைப் பாவாடையோடதான் ஓட முடியல."