மூன்றாவது எண்

கேபிளை நான்தான் பிடுங்க வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் பிடுங்கினால் ஏதாவது தில்லுமுல்லு செய்துவிடுவாராம்.

பார்சல் அலுவலகத்தின் சர்வர் அறையில் இரண்டு இயந்திரங்கள். ஒன்று படுத்துவிட்டால் மற்றது உடனே வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். அவற்றைக் கட்டி மேய்க்க நாங்கள் இருவர், கணவனும் மனைவியும்.

எங்களுக்கும் அதே சட்டம்தான். ஒருவர் விடுப்பு எடுத்தால் மற்றவர் இருந்தாக வேண்டும்.

என் தங்கை கல்யாணத்துக்கு நான் மட்டும் போனேன். அவர் தம்பி கல்யாணத்துக்கு அவர் மட்டும். இரண்டு ஆல்பத்தையும் பார்த்த சொந்தக்காரர்கள் எங்களுக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

காலையில் இரண்டு இயந்திரங்களிலும் புது மென்பொருளை ஏற்றினோம். ஒன்றைப் பிடுங்கினால் மற்றது தாங்குகிறதா என்ற சோதனை தேறினால் இருவருக்கும் சேர்த்து நான்கு நாள் விடுப்பு என்று மேலாளர் எப்போதோ வாய்தவறிச் சொல்லியிருந்தார். ஐந்து வருடத்தில் முதல்முறை.

சாப்பாட்டு இடைவேளை. முதல் இயந்திரத்தின் கேபிளைப் பிடுங்கினேன்.

கவுன்டர் திரைகள் அத்தனையும் அப்படியே நின்றுவிட்டன.

"இதுக்குத்தான் ஒருத்தராவது இருக்கணும்கிறேன்," என்றார் மேலாளர். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

கேபிளைத் திரும்பச் செருகினேன். வீட்டுக்காரர் பதிவுகளைக் குடைந்தார். இரண்டாவது இயந்திரத்தில் கோளாறே இல்லை. மென்பொருள் ஏற்றும்போது அதை ஒதுங்கி இருக்கச் சொன்னவர், முடிந்தபின் திரும்ப வரச் சொல்ல மறந்திருக்கிறார். அது பாட்டுக்குச் சொன்ன பேச்சைக் கேட்டு ஓரமாக நின்றிருக்கிறது.

சொன்னவர் பெயரும் அதே வரியில் இருந்தது. என் பெயர்.

வீட்டுக்காரர் அதைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"என் மறதிதான் சார்," என்றார் மேலாளரிடம்.

பால் பொங்கி வழிந்தால்கூட என்மேல் பழிபோடுகிற மனுஷர்.

இயந்திரத்தைத் திரும்ப அழைத்தோம். மறுபடி பிடுங்கினேன். இந்த முறை எந்தத் திரையும் நிற்கவில்லை.

மேலாளர் கசாயம் குடித்த முகத்தோடு எங்கள் விடுப்புத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

ஊருக்குப் போகும் பஸ் கிளம்பியதும் இருவரும் போனை அணைத்தோம்.

அலுவலகத்தில் ஏதாவது படுத்துவிட்டால் தானாகவே முதல் அழைப்பு வீட்டுக்காரருக்குப் போகும். எடுக்காவிட்டால் எனக்கு. பட்டியலில் மூன்றாவது இடம் ஐந்து வருடமாகக் காலி. கிளம்பும்முன் அதில் மேலாளரின் எண்ணைப் போட்டுவிட்டேன் என்று மெதுவாகச் சொன்னேன்.

"தெரியும், பாத்தேன்," என்றார். "அவர் எடுக்கலைன்னா இன்னொருத்தர் இருக்கணும்ல? நாலாவதா அவர் வீட்டம்மா நம்பரைப் போட்டுட்டேன்."