பெயர் போடாத சீட்டு

"'நேரத்துக்கு வந்துவிடுவார்.' அடுத்தது, 'சத்தம் போட்டுப் பேச மாட்டார்.' அதுக்கு அடுத்தது என்ன தெரியுமாங்க? 'கேக்கை எல்லாருக்கும் சமமாக வெட்டுவார்.' ஒன்பது வருஷ உழைப்புக்கு, கேக்கு!"

படித்த சீட்டுகளை அவள் கட்டில் மேல் வீசினாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவன், வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருந்தது.

"சமமா வெட்டுறது என்ன லேசுப்பட்ட வேலையா? எங்க வீட்ல அது சரியா வராம ரெண்டு மாமா இன்னும் பேசிக்கிறதில்ல."

அவள் சிரிக்கவில்லை.

அவளுக்கு இணையப் பக்கங்களை வடிவமைக்கும் வேலை. அலுவலகத்தில் அன்று ஒரு விளையாட்டு வைத்தார்கள். மற்றவரின் பலம் என்ன என்று ஆளாளுக்குத் தன் பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பேருக்குத்தான் அது விளையாட்டு. அவளைப் பற்றி வந்த சீட்டுகளைக் கையில் கொடுக்கும்போதே மேலாளர் சொல்லிவிட்டார்.

"இனிமே டிசைனுக்கு ஒருத்தர் போதும்மா. நீங்க தன்மையாப் பேசுறீங்க, போன்ல புகார் கேக்குற வேலைக்குப் போயிடுங்க. முடியாதுன்னா கடைசியா ஒரே ஒரு பக்கம் டிசைன் பண்ணத் தர்றேன். அது சரியா அமையலைன்னா அப்புறம் ரெண்டு இடமும் இல்ல. சீட்டைப் படிச்சுப் பாத்துட்டு ஏழு மணிக்குள்ள பதில் போடுங்க."

இப்போது மணி ஆறே முக்கால்.

"ஒருத்தராவது நான் செஞ்ச ஒரு பக்கத்தைப் பத்தி எழுதியிருக்காங்களா பாருங்க. எனக்கு இந்த வேலை வரலைங்க. வருதுன்னு நானா நெனச்சுக்கிட்டு இத்தனை வருஷம் ஓட்டிட்டேன்."

"லிஃப்ட் ஓடுற வரைக்கும் மெக்கானிக்கை எவன் நெனைக்கிறான்? நடுவுல நின்னாத்தான் நம்ம ஞாபகமும் வரும், நம்ம அம்மா ஞாபகமும் வரும்."

"நின்னா உங்களைக் கூப்பிட்டுத்தானே ஆகணும்? என்னை எதுக்குக் கூப்பிடுவாங்க? நாளைக்கு நான் போயிட்டா அந்த நாற்காலிக்குக்கூடத் தெரியாது."

அழுதிருந்தாலாவது பாரம் குறைந்திருக்கும். அதுவும் வரவில்லை, பாவம். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளது இடது கை மூடியே இருப்பதை அவன் கவனித்தான்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததை ஏன் இந்த இறுக்கு இறுக்குறே? கொடு."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். கசங்கிய ஒரு சீட்டு. விளக்கடியில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தான்.

'பஸ் நேரப் பக்கத்தை இருட்டிய பிறகு திறந்தால், கடைசி பஸ் முதல் வரியில் வரும்படி வைத்தவர் இவர். அந்நேரம் நிறுத்தத்தில் நிற்பவர் தேடுவது அதை மட்டும்தான். ஆஸ்பத்திரிப் பக்கத்தில், ஒரு கையில் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவரின் மறு கைக் கட்டைவிரல் எட்டும் இடத்தில் பட்டனை வைத்தவரும் இவரே. வருகிறவர் என்ன தவிப்போடு வருகிறார் என்று இவருக்குத் தெரியும். இதை யாராவது இவரிடம் சொல்லுங்கள்.'

அவன் அதை இன்னொரு முறை படித்தான்.

"அம்மாடி! கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. ஆனா இந்த ஆளு உன் வேலையை உக்காந்து பாத்திருக்கான். இதைப் போய் ஒளிச்சு வெச்சிருக்கியே! நான் சந்தேகப்படுவேன்னா? சரி, படுறேன், போதுமா? யாரு, உங்க ஆபீஸ்ல கண்ணாடி போட்டுக்கிட்டு ஒருத்தர் இருக்காரே, அவரா?"

"விடுங்க. மத்தவங்க எல்லாரும் கேக்குன்னு சொல்றாங்க. ஒரே ஒரு ஆள் இப்படிச் சொன்னா ஆச்சா?"

"தெரிஞ்சவன் ஒருத்தன் சொன்னாப் போதும். தெரியாதவன் நூறு பேர் எதுக்கு? போனை எடு."

"வேணாங்க. அந்த ஒரு பக்கமும் சொதப்பிட்டா தெருவுலதான் நிக்கணும்."

"போன்ல புகார் கேட்டுக்கிட்டே நீ உள்ளுக்குள்ள செத்துப்போறதை நான் பாக்கணுமா? உன் மேல நம்பிக்கை இல்லைன்னா, இதை எழுதினவர் மேல வை. எடு."

அவள் எடுத்தாள். 'டிசைனிலேயே இருக்கிறேன். அந்த ஒரு பக்கத்தைக் கொடுங்கள்.' தட்டியாயிற்று, அனுப்பத்தான் விரல் நகரவில்லை. அவன் அந்தச் சீட்டை மறுபடியும் முதலிலிருந்து உரக்கப் படித்தான். 'தவிப்போடு' என்ற சொல் வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிட்டாள்.

பதில் போய்விட்டது. இனி திரும்ப வாங்க முடியாது.

"அப்படிப் போடு!" அவன் சீட்டை நீவி நீவிச் சுருக்கம் எடுத்தான். "நாளைக்குப் போனதும் மொத வேலையா அந்த ஆளைத் தேடிப் பிடி. ரெண்டு கையையும் பிடிச்சு நன்றி சொல்லு. நான் சொன்னேன்னும் சொல்லு."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பேசியபோது அவனைப் பார்க்கவில்லை.

"எங்கயும் தேட வேணாங்க. மத்தவங்களைப் பத்தி எழுத ஆளுக்குப் பதினோரு சீட்டுதான் எண்ணிக் கொடுத்தாங்க. நான் மட்டும், ஒண்ணு கிழிஞ்சுபோச்சுன்னு பொய் சொல்லி, இன்னொண்ணு கேட்டு வாங்கினேன்... என்னைப் பத்தி நானே இடது கையால எழுத."