தகட்டின் மறுமுனை

முதல் தகடு கிழிந்தபோது அவனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

உத்தரத்திலிருந்து இறங்கிய இரும்புக் கை, ரப்பர் உறிஞ்சிகளை மரத்தகட்டின்மேல் பதித்துத் தூக்கியது. பாதி தூரம் போனதும் தகடு நார்வாக்கில் பிளந்து ஒரு துண்டு தரையில் விழுந்தது. சுற்றி நின்ற வேலையாட்கள் சிரித்தார்கள். மிஷினைப் பொருத்த வந்த இன்ஜினியர் மட்டும் சிரிக்காமல், காற்றைக் குறைக்கும் திருகைத் தேடிப் போனார்.

கிழியட்டும் என்று வேண்டிக்கொண்டான். இன்னும் நாலு கிழியட்டும்.

அது பிளைவுட் தொழிற்சாலையின் உலர்த்தும் பிரிவு. மரத்தை மெல்லச் சீவி எடுத்த தகடுகள் ஈரத்தோடு சூட்டுக்குள் போகும், காய்ந்த சருகாக வெளியே வரும். ஆளைவிட நீளம், அட்டையைவிட மெல்லிசு. ஓர் ஆளால் எடுக்க முடியாது. இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர். ஒருவர் முந்தினாலும் கிழியும், பிந்தினாலும் கிழியும்.

அந்த முனையில் அவள் நிற்பாள்.

"தூக்குங்க" என்பாள். தூக்குவார்கள். பக்கவாட்டில் நாலு எட்டு நடந்து அடுக்குக்கு மேலே பிடிப்பார்கள். "விடுங்க" என்பாள். விடுவார்கள். அடியில் சிக்கிய காற்று மெல்ல வெளியேற, தகடு படியும்.

நாள் முழுக்க அவ்வளவுதான் பேச்சு. ஆனால் நாள் முழுக்க அந்தப் பேச்சு இருந்தது.

அந்த இரண்டு சொல்லை வைத்தே அவளுக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வான். சளி பிடித்திருந்தால் முதல் சொல் மூக்கில் வரும். தூக்கம் கெட்ட நாளில் இரண்டாவது சொல் பாதியிலேயே தேய்ந்துவிடும். ஒரு மழை நாளில், என்ன நினைத்துக்கொண்டாளோ, ஏறக்குறையச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதை வைத்துக்கொண்டு அவன் அந்த மாதத்தையே ஓட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை என்றாலே அவனுக்கு ஆகாது. மற்றவர்கள் எப்போது விடுமுறை வரும் என்று ஏங்குவார்கள். இவன் திங்கட்கிழமைச் சங்குக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பான்.

இரண்டாவது தகட்டை மிஷின் கிழிக்காமல் எடுத்தது. கொண்டுபோய்க் கொஞ்சம் கோணலாக வைத்தது. மூன்றாவது நேராக உட்கார்ந்தது. அதன்பிறகு இரும்புக் கை நிற்கவே இல்லை. உஸ்ஸென்று உறிஞ்சும், நகரும், புஸ்ஸென்று விடும். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லை.

யாருக்கும் வேலை போகவில்லை. அவனுக்கு அடுத்த கட்டடத்தில் பசை கலக்கும் வேலை. அவளுக்கு இங்கேயே, மிஷினின் பொத்தான்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இனி இடுப்பு வலி இல்லை என்று கூட இருந்தவர்கள் இருவருக்கும் கை கொடுத்தார்கள். குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

சூப்பர்வைசர் ஈரமுள்ள மனுஷர். அவராகவே ஒரு வழி சொன்னார்.

"மேல ஒட்டற தகடு இருக்கே, அது ரொம்ப மெல்லிசு. அதை மிஷின்கிட்ட கொடுக்க எனக்கே மனசு வரல. அதை மட்டும் நீங்க ரெண்டு பேரும் கையாலயே எடுக்கறீங்களா?"

சரி என்று சொல்ல அவன் வாயெடுத்தான். ஆனால் சூப்பர்வைசர் கேட்டது அவளைப் பார்த்து. அவனும் அவளைப் பார்த்தான்.

அவள் கையுறைகளைக் கழற்றி, விரல் விரலாக நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"வேணாம் சார். எல்லாத்தையும் மிஷினே எடுக்கட்டும்."

எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அவன் கேட்ட புதுச் சொற்கள் அவை. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அதையாவது பிடித்துக்கொண்டு தொங்கியிருப்பான்.

சாயங்காலச் சங்கு ஊதியது. பஸ்ஸில் அவள் முன்பக்கம் ஏறினாள், அவன் பின்பக்கம். ஒரே நிறுத்தத்தில் இறங்கினார்கள். அவள் முன்னே நடக்க, அவன் தள்ளிப் பின்னே நடந்தான். தெருமுனைப் பழக்கடைக்காரர் முதலில் அவளுக்கு ஒருமுறை தலையசைத்தார், பிறகு அவனுக்கு ஒருமுறை. பழகிவிட்டது அவருக்கு.

அவள் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. அது அவன் வீடும்தான்.

அவனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, வீடு அதிரப் பேசியவள்தான். மகளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு இந்தச் சுவர்களுக்குள் புருஷனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. உன்மேல் தப்பில்லை என்று அவனிடம் சொல்லாத ஆள் கிடையாது. அவள் மட்டும், தப்பு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சமைத்தாள். அவனுடைய தட்டில் சாப்பாட்டை வைத்து மூடினாள். பக்கத்தில் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள்.

"நாளைலேர்ந்து நான் சீக்கிரமே கிளம்பணும்" என்றான், அறைக்குள் கேட்கும்படி. "அந்தக் கட்டடத்துல வேலை முன்னாடியே ஆரம்பிச்சிடுமாம்."

கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

மகளின் கட்டிலில், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சின்னக் கட்டில். முழங்கால்களை நெஞ்சோடு மடக்கிக்கொண்டால்தான் அவள் அதில் அடங்குவாள்.