கால் விலைக்குப் புது வெர்ஷன்

“தங்கச்சி, அந்த லாக்கைக் கழட்டிக் குடுத்துராத!”

ரோட்டைத் தாண்டி ஓடி வந்து வாசலில் நின்ற எதிர்க்கடை பால்துரையைப் பார்த்ததும் நூர்னிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருவருக்கும் ஒரே தொழில். கல்யாணப் பத்திரிகையைக் கம்ப்யூட்டரில் டைப் செய்து பிரஸ்ஸுக்கு அனுப்புவது. அவர் கடை பழசு, இவள் போன வருஷம்தான் திறந்தாள். ஆவணி முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில் போட்டிக்காரர் வந்து புத்தி சொன்னால் யாருக்குத்தான் இனிக்கும்?

உள்ளே டை கட்டிய சேல்ஸ்மேன் ஒருவன் ஃபிளாப்பிகளைப் பரப்பி வைத்திருந்தான். தமிழ் சாஃப்ட்வேரின் புது வெர்ஷன். அதுவும் கால் விலைக்கு! பழைய லாக்கை மட்டும் எக்ஸ்சேஞ்சாகக் கொடுத்துவிட வேண்டுமாம்.

லாக் என்பது சாஃப்ட்வேரோடு கம்பெனி கொடுக்கும் தீப்பெட்டி அளவுச் சாமான். கம்ப்யூட்டருக்குப் பின்னால் அதை மாட்டினால்தான் தமிழ் எழுத்து வரும். ஒரு லாக்குக்கு ஒரு கம்ப்யூட்டர்தான் ஓடும்.

“ஏன் அண்ணாச்சி, எனக்குப் புது எழுத்து வந்துரக் கூடாதோ?”

“அப்படி இல்லம்மா. முதல்ல கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேளு. பில்லுல கம்பெனி பேரு இருக்கான்னு பாரு. பழைய லாக்கை வாங்குதாரே, புது லாக் எங்க?”

“புது வெர்ஷனுக்கு லாக்கே தேவையில்ல சார்” என்றான் சேல்ஸ்மேன். “ஆஃபர் இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் மேடம்.”

“யோசிக்க விடாம அவசரப்படுத்துதாரு பாத்தியா? அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு.”

“உங்க கடை யாவாரத்தை நீங்க பாருங்க அண்ணாச்சி!”

பால்துரை முகம் சுருங்கிப் போய்விட்டார். சற்று நேரத்தில் சேல்ஸ்மேனும் போனான். லாக்கும் அவனோடு போனது.

நாலு நாள் புது எழுத்து ஜோராக வந்தது. அதற்குப் பிறகு தமிழே வரவில்லை. சேல்ஸ்மேன் கொடுத்த நம்பரில் யாரோ டீக்கடைக்காரர் பேசினார். கம்பெனியில் கேட்டால், “நாங்க யாரையும் அனுப்பலையே மேடம். வேற லாக் வேணும்னா முழு விலை. வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல ஆகும்” என்றார்கள்.

நூர்னிசா ஆர்டர் நோட்டைப் புரட்டினாள். கை நிறைய ஆர்டர். வத்திராயிருப்பு கருத்தையா மகள் கல்யாணப் பத்திரிகை வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். முடியாது என்றால் அத்தனை பேரும் எதிர்க்கடைக்குப் போவார்கள். போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள்.

பத்திரிகைகளை அச்சடித்துத் தரும் ராஜபாளையம் பிரஸ்காரர் முத்து முகம்மதுக்குப் போன் செய்து அழுதாள்.

மறுநாள் காலையில் அவரே பஸ் ஏறி வந்துவிட்டார். அதே கம்பெனி லாக் ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

“எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருது. உன் லாக் வார வரைக்கும் வச்சுக்கோ நூரு.”

மாட்டினாள். பழைய சாஃப்ட்வேர் உயிர் பெற்றது. நூர்னிசாவுக்கும்தான்.

அன்றைக்கு இன்னொரு வேடிக்கையும் நடந்தது. எதிர்க்கடையில் ‘மிஷின் ரிப்பேர்’ என்று அட்டை தொங்கியது. உள்ளே பால்துரை பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் போக வேண்டிய ஆட்களும் இவளிடம் வந்தார்கள்.

“எனக்கு அம்புட்டுப் புத்தி சொன்ன அண்ணாச்சியும் அவன்கிட்ட கால் விலைக்கு வாங்கி ஏமாந்திருக்காரு!” என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க, தான் ஏமாந்த வலி கொஞ்சம் குறைந்தது.

கருத்தையாவின் பத்திரிகை சொன்ன நாளில் தயாரானது. மற்ற ஆர்டர்களும் தடங்கலில்லாமல் முடிந்தன. கம்பெனியிலிருந்து புது லாக்கும் வந்து சேர்ந்தது.

அன்று முத்து முகம்மது வந்தபோது, இரவல் லாக்கைத் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

“என் கடையைக் காப்பாத்துனதே இதான் மாமா. அந்த மனுசருக்கு நேர்ல போய் நன்றி சொல்லணும். எந்த ஊரு அவியளுக்கு?”

முத்து முகம்மது லாக்கை வாங்கவில்லை.

“நீயே கொண்டு போய்க் குடு நூரு. ரோட்டைத் தாண்டுனாப் போதும். இதை மாட்டுன உடனே அவரு மிஷின் ரிப்பேர் சரியாயிரும்.”