இன்னொரு ஸ்ரீ

பேருந்து கவிழ்ந்த செய்தி கேட்டதிலிருந்து அலைந்துகொண்டிருந்த விலாசினிக்கு இது மூன்றாவது மருத்துவமனை. வரவேற்பில் இருந்தவர் அவள் கணவன் பெயரைக் கணினியில் தேடினார். "ஸ்ரீவத்சன்னு யாரும் இல்லம்மா."

இல்லை என்பது ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. கால் கடுக்க வாசல்வரை போனாள். அங்கே அவன் பெயரின் முதலெழுத்து நினைவில் தட்டியது. அச்சகத்தில் தட்டச்சு செய்யும்போது தினமும் அவளைப் பாடாய்ப் படுத்துகிற எழுத்து அது. திரும்பி வந்தாள்.

"சார், அந்த ஸ்ரீய ரெண்டு விதமா அடிக்கலாம். பாக்க ஒண்ணாத்தான் இருக்கும், கம்ப்யூட்டருக்கு வேற வேற."

விசைப்பலகையை இழுத்துத் தானே அடித்தாள். ஒரு பெயர் வந்தது. அவர் சட்டென்று திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு படித்தார்.

"உங்ககூட யாராவது வந்திருக்காங்களாம்மா?"